ஆதிசண்டேசுவரரிடம் வாங்கிய காசு

தஞ்சைப் பெரியகோயிலின் பரிவார ஆலயத்தில் எழுந்தருளியிருந்த பிள்ளையார் கணபதியாருக்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் படைக்க வேண்டும் என்று முதலாம் இராசராசன் ஏற்பாடு செய்தான். அதற்காக அவன் வாழைத்தோப்பு எதையும் எழுதிவைக்கவில்லை. 360 காசை முதலாக வைத்தான். கணக்கைக் கல்வெட்டே போட்டுக் காட்டுகிறது. நாளுக்கு 150 பழம் என்றால் 360 நாள் கொண்ட ஆண்டுக்கு 54,000 பழம். காசு ஒன்றுக்கு 1,200 பழம் விலை. ஆக, ஆண்டுக்கு 45 காசு தேவை. காசு ஒன்றுக்கு அரைக்காற்காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு, ஆண்டு வட்டி. 360 காசுக்கு எட்டில் ஒன்று சரியாக 45 காசு. தஞ்சாவூரின் பெருந்தெருக்களிலும் அங்காடியிலும் இருந்த வணிகர்கள் இந்த முதலைப் பிரித்து வாங்கிக்கொண்டு, சந்திரசூரியர் உள்ளவரை வட்டி செலுத்த ஒப்புக்கொண்டார்கள்.

இந்தக் கணக்கில் என்னை நிறுத்திவைப்பது வேறொன்று. வணிகர்கள் காசை யாரிடம் வாங்கினார்கள்? இராசராசனிடம் வாங்கியதாகக் கல்வெட்டு சொல்லவில்லை. கோயில் அதிகாரியிடம் என்றும் இல்லை. ஆதிசண்டேசுவர தேவரிடம் வாங்கினார்கள். அரசன் தந்த பணம் இறைவனுக்குரியதாகிவிட்டது. இறைவனின் முதற்பணியாளர் என்ற முறையில் சண்டேசுவரர் அதைக் கடனுக்குக் கொடுக்கிறார். இது ஒரே ஒரு கல்வெட்டில் நேர்ந்த அலங்காரச் சொல்லும் அல்ல. குந்தவையார், அரசியர், படைத்தலைவர் என்று யார் கொடுத்த முதலாக இருந்தாலும், அதைக் கடனாகப் பெற்ற ஊர்ச் சபைகளும் நகரத்தாரும் இதே முறையில்தான் கல்லில் பேசுகிறார்கள்.

பெரியகோயிலைப் பற்றி நம்மிடையே அதிகம் புழங்கும் செய்திகள் கல்வெட்டுகளோடு தொடர்பில்லாதவை. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்கிறார்கள். விழுகிறது. உச்சியில் இருப்பது ஒரே கல் என்கிறார்கள். அது பல கற்களை இணைத்து ஆனது. அந்த வியப்புகளைச் சொல்லிக்கொண்டே நாம் கடந்துபோகும் அதிட்டானத்தில், சோழர் காலத்துக் கோயில் ஒன்று எப்படி நடந்தது என்பது வரிவரியாக வெட்டப்பட்டிருக்கிறது. கல்வெட்டு அறிஞர் ஊல்ட்சு 1891 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியில் இவற்றைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். அதற்கு முன்பு இந்தக் கோயிலைக் கட்டியவன் யார் என்பதே தலபுராணக் கதைகளில் புதைந்து கிடந்தது.

சண்டேசுவரரைத் தெரியாத சைவக் குடும்பம் இல்லை. கருவறையின் வடபுறம், அபிடேக நீர் வெளியேறும் கோமுகைக்கு அருகே, தெற்கு நோக்கிய சிறு சன்னதி. பெரும்பாலான ஊர்களில் ஒருவர் குனிந்து நிற்கும் அளவே இடம். உள்ளே ஒரு காலை மடித்து ஒரு காலைத் தொங்கவிட்டு, கையில் மழுவோடு அமர்ந்திருப்பார். சுற்றி வருபவர்கள் அவர் முன் மெல்லக் கைதட்டுகிறார்கள், சிலர் விரல் சொடுக்குகிறார்கள், இன்னும் சிலர் உடுத்திய துணியிலிருந்து ஒரு நூலை எடுத்துப் போடுகிறார்கள். அவர் காது கேளாதவர், அதனால்தான் தட்டுகிறோம் என்று குழந்தைகளுக்குச் சொல்லிவைக்கிறார்கள். தியானத்தில் இருப்பவரைச் சத்தம் போட்டு எழுப்பாதீர்கள் என்று அர்ச்சகர்கள் கடிந்துகொள்வதும் உண்டு. பெரியவர்கள் தரும் விளக்கம் வேறு. சிவன் சொத்து எதையும் நான் எடுத்துப்போகவில்லை, பாருங்கள், கை வெறுமையாக இருக்கிறது என்று அவரிடம் காட்டிவிட்டுப் போவதாக அவர்கள் சொல்வார்கள். சிவன் சொத்து குலநாசம் என்ற பழமொழியும் இந்தச் சன்னதியைச் சுற்றியே வாழ்கிறது. கல்வெட்டுகளைப் படித்த பிறகு இந்த விளக்கத்துக்கே நான் அதிக மதிப்புத் தருகிறேன். மக்கள் வழக்கம் ஒரு பழைய நிர்வாகப் பொறுப்பின் நினைவைத் தன்னுள் வைத்திருக்கிறது.

தஞ்சையில் அவருடைய சன்னதி சிறு மாடம் அல்ல. விமானத்தின் வடபுறத்தில், தனிப் படிக்கட்டும் தனி விமானமுமாக நிற்கும் முழுக் கோயில் அது. பெரியகோயில் வளாகத்தில் இன்று நாம் காணும் பல கட்டடங்கள் பிற்காலத்தவை. அம்மன் சன்னதி 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது. முருகன் கோயிலும் பெரிய நந்தியும் நாயக்கர் காலத்தவை. சண்டேசுவரர் கோயிலோ இராசராசன் காலத்திலேயே விமானத்தோடு சேர்த்துத் திட்டமிடப்பட்டது. அம்மனுக்குத் தனிக் கோயில் எழுவதற்கு முன்பே சண்டேசுவரருக்கு எழுந்துவிட்டது. கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திரனும் அதே இடத்தில் அதேபோல் ஒரு தனிக் கோயில் எடுத்தான். தந்தையும் மகனும் இவருக்கு இவ்வளவு இடம் கொடுத்ததைப் பக்தி என்ற ஒரு காரணத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது என்பது என் எண்ணம்.

கதை எல்லோரும் அறிந்ததுதான். மண்ணியாற்றங்கரையில் உள்ள சேய்ஞலூரில் பிறந்த விசாரசருமன் என்ற அந்தணச் சிறுவன், பசுக்களை மேய்ப்பவன் அடிப்பதைப் பொறுக்காமல் மேய்ச்சலைத் தானே ஏற்கிறான். ஆத்தி மரத்தடியில் மணலால் இலிங்கம் அமைத்துப் பாலால் ஆட்டுகிறான். பாலை வீணாக்குகிறான் என்று ஊரார் முறையிட, தந்தை எச்சதத்தன் வந்து மறைந்திருந்து பார்த்துப் பால்குடத்தைக் காலால் இடறுகிறான். சிறுவன் எடுத்த கோல் மழுவாகிறது. தந்தையின் கால் துண்டாகிறது. சிவபெருமான் தோன்றித் தானே அவனுக்குத் தந்தையாகித் தன் கொன்றை மாலையைச் சூட்டுகிறார். தான் உண்டது, உடுத்தது, சூடியது எல்லாம் இனி அவனுக்கே என்று சண்டீசப் பதவியை அளிக்கிறார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இதை விரித்துப் பாடினாலும், தேவார ஆசிரியர்களுக்கே கதை நன்கு தெரியும். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில், ஏறத்தாழ கி.பி. 700ஐ ஒட்டி, இராசசிம்ம பல்லவன் காலத்துச் சிற்பி சண்டேச அனுக்கிரகத்தைச் செதுக்கிவிட்டான்.

இந்தக் கதையில் நாம் வழக்கமாகத் தந்தையின் காலையே பார்க்கிறோம். நான் பார்க்கச் சொல்வது கடைசிப் பகுதியை. சிவனுக்குப் படைத்தது, சாத்தியது, சூட்டியது ஆகியவற்றை நிர்மாலியம் என்கிறோம். ஆகமங்களின்படி அதை மனிதர் தொடுவதும் உண்பதும் பாவம். அது சண்டருக்கு மட்டுமே உரியது. சண்டேசர் என்ற தெய்வம் தமிழ்நாட்டுக் கதையில் தொடங்கியவர் அல்லர் என்பதைப் பாண்டிச்சேரியில் இருந்து பணிபுரிந்த சமற்கிருத அறிஞர் டொமினிக் குடால் 2009இல் வெளியான ஒரு நீண்ட கட்டுரையில் காட்டியிருக்கிறார். பாசுபத மரபிலும் பழைய சைவ நூல்களிலும், சிவனின் கோபத்தின் வடிவமாக, விதி மீறியவர்களைத் தண்டிப்பவராக, நிர்மாலியத்தை ஏற்பவராக அவர் முன்பே இருந்திருக்கிறார். சேய்ஞலூர்ச் சிறுவனின் கதை இந்தப் பழைய தெய்வத்துக்குத் தமிழ் மண்ணில் ஓர் ஊரும் குடும்பமும் தந்தது.

சோழர் காலத்தில் நடந்ததை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். பூவும் சோறும் சிவனுக்குப் படைத்தபின் மனிதர் உரிமை கொள்ள முடியாதவை என்றால், நிலமும் பொன்னும் அப்படித்தானே? சிவனுக்குக் கொடுக்கப்பட்ட ஒரு வேலி நிலத்தை எந்த மனிதனும் தன்னுடையது என்று சொல்ல முடியாது. ஆனால் நிலத்தை உழ வேண்டும், குத்தகை வாங்க வேண்டும், பொன்னைக் கடனுக்கு விட்டு வட்டி வசூலிக்க வேண்டும். யாராவது ஒருவர் பெயரில் ஆவணம் எழுத வேண்டும். சிவனுக்குரியதைக் கையாளும் தகுதி படைத்தவராக ஆகமம் அங்கீகரித்த ஒரே ஒருவர் சண்டேசர். படையலுக்கு இருந்த சடங்கு விதி, சொத்துக்கான சட்ட விதியாக வளர்ந்துவிட்டது. தானங்கள் குவியக் குவிய, நிர்மாலியத்தை ஏற்ற தெய்வம் கோயிலின் நிலத்தையும் காசையும் ஏற்கும் தெய்வம் ஆனார்.

ஆவணங்கள் இதை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டன என்பதைப் பிற்காலச் சோழர் கல்வெட்டுகள் காட்டுகின்றன. கோயில் நிலத்தை விற்கும்போது அந்த விற்பனைக்குச் சண்டேசுவரப் பெருவிலை என்று பெயர். விற்பவர் சண்டேசுவரர். கோயில் பணியாளர்களுக்கு ஏதேனும் ஆணை பிறப்பித்தால் அது ஆதிசண்டேசுவரரின் ஓலையாக, அரச ஆணையின் நடையிலேயே தொடங்குகிறது. எழுதியவர்கள் மனிதர்கள்தான். ஸ்ரீகாரியம் செய்வார், தேவகன்மி, கோயில் கணக்கு என்று பொறுப்பாளர் வரிசை நீண்டது. எனினும் அவர்களில் எவர் பெயரிலும் சொத்து நிற்பதில்லை. பொறுப்பில் இருப்பவர் இறந்தாலும் மாறினாலும் நீக்கப்பட்டாலும், கடன் கொடுத்தவர் மாறுவதில்லை, நில உரிமையாளர் மாறுவதில்லை. ஓர் ஊர்ச்சபை தன் பாட்டனார் காலத்துக் கடனுக்கு இன்று வட்டி கட்ட வேண்டுமென்றால், கடன் கொடுத்தவர் சாகாதவராக இருக்க வேண்டும். வைணவக் கோயில்களில் இதே பொறுப்பைச் சேனை முதலியார் ஏற்றார்.

விளக்குக் கொடைகளிலும் இதே சிந்தனையைக் காணலாம். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள். பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடுகள் ஈன்று பெருகும், கிழடு கழியும், எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது. அதனால் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றார்கள். சாவும் மூப்பும் இல்லாத முதல் என்ற கருத்து அந்தக் காலத்து ஆட்டுமந்தைக்கும் காசுக்கும் பொதுவாக இருந்தது.

அரசனையும் இந்த ஏற்பாடு கட்டுப்படுத்தியதா என்பது முக்கியமான கேள்வி. தஞ்சையில் அரசனே எல்லாம் என்பதை மறுக்க முடியாது. தன் 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாள், அரண்மனையின் கீழைத் திருமஞ்சன சாலையில் இருந்தபடி, தான் கொடுத்தவை, அக்கன் கொடுத்தவை, தன் பெண்டுகள் கொடுத்தவை, மற்றவர் கொடுத்தவை அனைத்தையும் கல்லில் வெட்டச் சொன்னவன் அவன். வரிசை அவன் இட்டது. 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு வீடும் பங்கும் ஒதுக்கியதும், திருப்பதியம் பாட 48 பிடாரரையும் அவர்களோடு உடுக்கை வாசிப்பவர் ஒருவரையும் கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவரையும் அமர்த்தியதும் அவனே. ஆயினும் கொடுத்து முடித்த கணத்தில் அவன் பெயர் கொடையாளி என்ற இடத்தில் நின்றுவிடுகிறது. அதன்பின் பேரங்கள் அனைத்தும் சண்டேசுவரருக்கும் ஊராருக்கும் இடையே. சிவபாதசேகரன் என்று பட்டம் புனைந்துகொண்ட அரசன், சிவனுடைய பாதத்தில் தனக்கு முன்பே இடம் பெற்ற பணியாளரின் கையில் பணத்தை ஒப்படைத்தான். கோயிலின் செப்புத் திருமேனிகளுள் சண்டேசப் பிரசாத தேவர் தொகுதி ஒன்றும் இருந்தது. பெருமானும் உமையும் சண்டேசரும் மட்டுமல்ல, வெட்டுண்டு கிடக்கும் தந்தையும், அருளிய பூமாலையும்கூட அதில் தனித்தனியே கணக்கிடப்பட்டிருந்தன.

கங்கைகொண்ட சோழபுரத்தில் அந்த மாலை கல்லில் இருக்கிறது. வடபுற வாயிற்படிகளை ஒட்டிய மாடத்தில் சிவனும் உமையும் அமர்ந்திருக்கிறார்கள். கீழே கைகூப்பி அமர்ந்திருக்கும் சண்டேசரின் தலையைச் சுற்றி, பெருமான் இரு கைகளாலும் மாலையைக் கட்டுகிறார். அந்த விரல்களில் ஒரு தந்தை மகன் தலையில் துணி சுற்றும் கவனம் தெரிகிறது. சண்டேசரின் முகத்தில் கர்வமோ திகைப்போ இல்லை. தலையைச் சற்றே தாழ்த்திக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். பக்கச் சுவர்களில் கதையின் பிற காட்சிகள். இதை இராசேந்திரனின் முடிசூட்டாகவே சில கலை வரலாற்றாளர்கள் கண்டார்கள். கங்கைவரை படை அனுப்பி வென்ற அரசனுக்குச் சிவனே பட்டம் கட்டுகிறார் என்பது அவர்கள் வாசிப்பு. அப்படியும் இருக்கலாம். சண்டீசப் பதவி பொருட்காவலும் சேர்ந்ததே என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், அரசன் தன்னைக் காவலனாக, உரிமையாளனாக அல்லாமல், காட்டிக்கொள்ளும் சிற்பமாகவும் அது தோன்றுகிறது. எனக்கு இந்த இரண்டாம் வாசிப்பே சோழர் ஆவணங்களின் மனப்போக்கோடு ஒத்துப்போகிறது.

சாகாத காவலர் இருந்ததால் திருட்டு நின்றுவிடவில்லை. கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில், மூன்றாம் இராசராசன் காலத்தில், இரண்டு சிவப்பிராமணர்கள் மீது விசாரணை நடந்தது. அம்மனுக்குரிய நகையை எடுத்துத் தம் ஆசைநாயகிக்குக் கொடுத்தார்கள், பொறுப்பில் இருந்த பணத்தைக் கையாடினார்கள், அரச ஆணையை மதிக்கவில்லை, வந்த ஏவலரை அடித்தார்கள் என்று குற்றப்பட்டியல் நீள்கிறது. சோழர் ஆட்சி தளர்ந்து, போசளர் படைகள் காவிரிக்கரையில் நடமாடிய காலம் அது. இதைக் கோயில் சொத்துத் திருட்டு என்று மட்டும் அன்றைய அவை பார்க்கவில்லை. சிவத்துரோகம், இராசத்துரோகம் என்ற இரு குற்றங்களாகப் பார்த்தது. சிவத்துரோகம் என்பது சமயச் சொல் போல நம் காதில் விழுகிறது. அன்றைக்கு அது நிலம் பறிபோகும் தண்டனைக்குரிய குற்றத்தின் பெயர். கல்வெட்டுகளின் முடிவில் வரும் பன்மாகேசுவரர் இரட்சை என்ற தொடரும் அலங்காரம் அல்ல. மாகேசுவரர்கள் என்ற அடியார் கூட்டம் கூடி விசாரித்தது என்பதற்குச் சிவபுரம் சான்று. பெயரளவில் ஒரு தெய்வம், அதன்கீழ் கணக்கர், அவர்களைக் கேள்வி கேட்க ஒரு கூட்டம், அதற்கும் மேலே அரசன் என்று நான்கு அடுக்கு இருந்தபோதும் அம்மன் நகை போயிற்று. அடுக்குகள் இருந்ததால்தான் அது கண்டுபிடிக்கப்பட்டு, கல்லில் ஏறி, எழுநூறு ஆண்டுக்கு மேல் கழித்தும் நமக்குத் தெரிகிறது.

கோயில் சொத்து யார் பெயரில் நிற்பது என்ற சிக்கலை ஆங்கிலேயர் காலச் சட்டம் வேறு வழியில் தீர்த்தது. கோயிலின் மூர்த்தி சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள், சொத்து வைத்திருக்கவும் வழக்காடவும் உரிமை உள்ளவர் என்பதை 1925இல் பிரிவி கவுன்சில் ஒரு வங்காளக் குடும்ப வழக்கில் தெளிவாக உறுதிசெய்தது. சொத்து நேரே இறைவன் பெயரில் நின்றது. அவர் சார்பில் செயல்படும் மனிதர் அறங்காவலர், நிர்வாக அலுவலர், தக்கார் எனப் பெயர் மாறி மாறி வந்தார். தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் இன்று இதை நெறிப்படுத்துகிறது. இடையில் நின்ற சண்டேசுவரர் ஆவணத்திலிருந்து மறைந்து சன்னதிக்குத் திரும்பினார். பஞ்சமூர்த்தி புறப்பாட்டில் மட்டும் பழைய வரிசை தவறவில்லை. பிள்ளையாரும் முருகனும் சோமாஸ்கந்தரும் அம்மனும் போன பிறகு, கடைசியாக, சிறிய வாகனத்தில் அவர் வருகிறார்.

இறைவன் வழக்காடுவது ஏட்டளவு நம்பிக்கை அல்ல என்பதைத் திருவாரூர்ப் பகுதியின் பத்தூர் உலகத்துக்குக் காட்டியது. இடிந்த விசுவநாதசுவாமி கோயில் நிலத்தில் 1976இல் தோண்டும்போது கிடைத்த சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் நடராசர் ஒருவர் இலண்டன் போய்ச் சேர்ந்தார். 1982இல் ஒரு கனடா நிறுவனம் அவரை வாங்கியது. இலண்டன் காவல்துறை கைப்பற்ற, வழக்கு தொடங்கியது. உரிமை கோரியவர்களில் அந்தக் கோயிலின் சிவலிங்கமும் ஒருவர். தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சி சொன்னார். 1988இல் கீழ் நீதிமன்றம் தமிழ்நாட்டுத் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், கோயில் ஆங்கில மண்ணில் ஒரு தரப்பாக நின்று, தன் தக்கார் வழியே வழக்காடலாம் என்று ஏற்றது. நடராசர் திரும்பினார்.

பத்தூர் வழக்கு வென்றதற்கு, திருமேனிக்கும் அந்தக் கோயிலுக்கும் உள்ள தொடர்பை நிறுவ முடிந்தது அடிப்படை. தஞ்சையின் கல்வெட்டுகளோ அந்தத் தொடர்பை முன்கூட்டியே எழுதிவைத்தன. ஒவ்வொரு செப்புத் திருமேனிக்கும் பாதாதி கேசாந்தம் எத்தனை முழம், எத்தனை விரல், எத்தனை தோரை, எத்தனை திருக்கைகள், கனமாக வார்த்ததா பொள்ளலாக வார்த்ததா, பீடம் எவ்வளவு, கொடுத்தவர் யார் என்று அவை சொல்கின்றன. ஆடவல்லான் திருமேனிக்கு, திருவடியின் கீழ்க் கிடக்கும் முசலகனும், சடையில் இருக்கும் கங்கையும், சடைகள் ஒன்பதும், பூமாலைகள் ஏழும் வரை எண்ணப்பட்டிருக்கின்றன. பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லாலும், அணிகலன்களைத் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லாலும் நிறுத்தார்கள். எடைக்கல்லுக்கும் இறைவன் பெயர். அந்தத் திருமேனிகளில் பெரும்பாலானவை இன்று கோயிலில் இல்லை. பட்டியல் மட்டும் முழுதாக இருக்கிறது.

தஞ்சையில் இருப்பது போன்ற பட்டியல்கள், சுருக்கமாகவேனும், தமிழ்நாட்டின் நூற்றுக்கணக்கான சிற்றூர்க் கோயில்களின் சுவர்களிலும் உள்ளன. அவற்றில் பல திருப்பணியின்போது சிமெண்டு பூசி மூடப்பட்டன, மணல் பீய்ச்சித் தேய்க்கப்பட்டன, தரை உயர்த்தப்பட்டதில் புதைந்தன. அழகுக்காக அழித்த ஒவ்வொரு வரியும் அந்தக் கோயிலின் சொத்துப் பத்திரத்தில் ஒரு வரி. திருப்பணிக்கு ஒப்புதல் தரும் முன் அந்தக் கோயிலின் கல்வெட்டுகளைப் படித்தவர் ஒருவர் அங்கே சென்று, அவற்றில் சொல்லப்பட்ட நிலங்களையும் திருமேனிகளையும் இன்றைய சொத்துப் பதிவேட்டோடு வைத்துப் பார்த்து, எது இருக்கிறது எது இல்லை என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். சோழர் காலத்து மாகேசுவரர்கள் செய்த வேலை இது. இதைச் செய்யத் தமிழ்க் கல்வெட்டு படிக்கத் தெரிந்த இளைஞர்கள் மாவட்டத்துக்குச் சிலராவது வேண்டும், அவர்களுக்குக் கோயில் நிதியிலிருந்தே ஊதியமும் வேண்டும்.